ஆரோக்கியம் அக்காவின் சிவப்பு ஐசி

என் உயிரான ஆரோக்கியம் அக்காவுக்கு,

உன் முப்பதாம் நாள் பூசை நேற்றுதான் முடிந்தது. சிடாம் கிரி ரப்பர் தோட்டத்துப் பக்கத்துச் சனமெல்லாம் வந்திருந்தார்கள். உன்னிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். கல்லறையில் நின்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நமக்கு ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே லயத்து வீடு. ஆனால் அடையாளக் கார்டில் எனக்கு மலேசியக் குடிமகன் என்று நீல ஐசி, உனக்குக் குடியுரிமை இல்லாதவள் என்று சிவப்பு. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று அம்மா நிறைமாதத்துக்கு முன்னே கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனாள். உன்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். இரண்டாம் பிள்ளைக்கு யார் கப்பல் ஏறுவது? நான் தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே பிறந்தேன். பிரஜா உரிமைக்கு உனக்காக மனுப் போட்டோம், பதிலே வரவில்லை. அம்மாவை நான் எப்படிக் குறை சொல்வேன்?

பிறகு பெர்மிட் சட்டம் வந்தது. சிவப்பு ஐசிக்காரர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்றார்கள். பாவாடை கட்டிய வயதிலிருந்து நீ பால் வெட்டிய ரப்பர் மரம், அதைத் தொட உனக்கு அனுமதி வேண்டுமாம்! முதல் தடவை சுங்கைப் பட்டாணி ஆபிசில் அந்த மலாய்க்கார அதிகாரி, இந்தியாவில் உனக்கு எந்தக் கம்போங், எந்தக் கிராமம் என்று கேட்டார். நீ மலாயிலேயே படபடவென்று பொரிந்து தள்ளினாய். “எனக்கு எப்படித் தெரியும் துவான்? பால் குடிக்கிற பிள்ளையா வந்தேன். அந்த ஊரு எந்தப் பக்கம்னு நீங்கதான் சொல்லணும்!” மனுஷர் சிரித்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது நீ அழுதாய்.

வருஷா வருஷம் புதுப்பித்தாய். இந்த வருஷம்தான் தாமதம். “பெர்மிட் வராம காலைல பேர் கூப்பிடுற பெரட்டுக்கும் வராத, ஆபிஸ் பக்கமும் தலை காட்டாத. செக்கிங் வந்தா எனக்குத்தான் பிரச்சினை,” என்று தோட்டத்து ஆபிசில் கணக்கெழுதும் கிராணி சொல்லிவிட்டான். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும் என்று உனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரி மனசு கேட்காமல் சொன்னாள்: “என் பேர்ல வெட்டுங்கக்கா, நான் வீட்டைப் பாத்துக்கிறேன். யாருக்குத் தெரியப் போவுது?”

“போடி! திருடி மாதிரி மரத்துக்கிட்டப் போகச் சொல்றியா? வெட்டினா என் பேர்லதான் வெட்டுவேன் லா,” என்று சீறினாய். இவ்வளவு பிடிவாதமா என்று எனக்கும் கோபம்தான் வந்தது. காலையில் எல்லாரும் வேலைக்குப் போகும்போது நீ கதவைச் சாத்திக்கொள்வாய். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கண்ணில்கூடப் படமாட்டாய்.

அப்புறம் அந்த நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்க வாங்க நீ கேட்டது ஒன்றே ஒன்று. “தம்பி, வந்துச்சா?”

“இன்னும் இல்லக்கா.”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய்.

போன வாரம் உன் ஐசியைத் திருப்பிக் கொடுக்க அதே சுங்கைப் பட்டாணி ஆபிசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் ஃபைலைப் புரட்டினாள். “பாக்சிக்,” என்று மாமா முறை வைத்துக் கூப்பிட்டாள். “இவங்களுக்குப் பெர்மிட் கிடைச்சு ரெண்டு மாசமாச்சே. தோட்டத்துக்கு அனுப்பிட்டோமே,” என்றாள்.

நேரே தோட்டத்து ஆபிசுக்குப் போனேன். கிராணி மேசை டிராயரை இழுத்தான். மேலாகவே கிடந்தது.

“ஆரோக்கியமே வந்து கேப்பாங்கன்னு விட்டுட்டேன், அண்ணே. அப்புறம் மறந்தே போச்சு.”

அடப்பாவி! சட்டையைப் பிடித்துவிட்டேன். “எப்படிடா வருவா? பெர்மிட் இல்லாம இந்தப் பக்கமே வராதன்னு நீதானடா சொன்ன?”

அக்கா, அதுதான் சேதி. நீ என்னைக் கேட்ட அன்று அது வந்திருந்தது. உன் பேர் போட்டு, முத்திரை குத்தி, நீ நடந்தே போகிற தூரத்தில் இருந்தது. நீ கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கக்கூடாது என்றார்கள், நீ கேட்கவில்லை. வந்தால் கிராணியே சொல்வான் என்று நானும் போய்க் கேட்கவில்லை. இதை நான் யாரிடம் சொல்லி ஆற?

நம் லயத்தில் இன்னும் சிவப்பு ஐசிக்காரர்கள் இருக்கிறார்கள். பெர்மிட்டுக்காகக் காத்துக்கொண்டு மூன்று வீட்டில் கதவு சாத்திக் கிடக்கிறது. இனி வாராவாரம் அவர்களுக்காக நான் ஆபிசுக்குப் போவேன். டிராயரைத் திறந்து காட்டு என்பேன். கிராணி முகத்தைச் சுளித்தாலும் சரி, மானேஜர் துவானிடம் சொன்னாலும் சரி, பார்க்காமல் படியிறங்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவன்,
தம்பி சவரி