கரிக்குக் காத்திருந்த வண்டி

அண்ணே,

நேற்று நான் போட்டிருந்த சட்டையை ஊறவைக்க என் மனைவி வாளியோடு வந்தாள். பிடுங்கிக்கொண்டேன். "நாறுதுங்க, குடுங்க" என்றாள். நாறட்டும். நிலக்கரிப் புகையும் சூடான எண்ணெயும் கலந்த வாடை அது. அதை முகர்ந்து பார்க்க நீங்கள் எவ்வளவு ஆசைப்பட்டீர்கள் என்பது எனக்கல்லவா தெரியும்? உங்கள் வண்டி நேற்று ஓடியது, அண்ணே. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சுங்கைப்பட்டாணியில் என் லேத் பட்டறைக்கு நீங்கள் முதன்முதலாக வந்த நாள் நினைவிருக்கிறது. அரிசி ஆலைக்கும் செம்பனை ஆலைக்கும் சாமான் கடைந்து கொடுக்கிற இடம் அது. கையில் உடைந்த இரும்போடுதான் யாரும் வருவார்கள். நீங்களோ சட்டைப் பையிலிருந்து மெழுகுத் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தீர்கள்.

"தவுக்கே, இதே மாதிரி இரும்புல ஒண்ணு வேணும்." முதலாளி என்றால் உங்களுக்குத் தவுக்கேதான்.

"சாமான் நம்பர் என்ன அண்ணே? பழைய பீஸ் ஏதும் இருக்கா?"

"நம்பரும் இல்ல, பழசும் இல்ல. ஒலகத்துலயே இது ஒண்ணுதான் லா."

மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். வாழ்நாளெல்லாம் பல்செட்டு செய்து ஓய்வு பெற்றவர், செமிலிங்கில் வீட்டுக் கொல்லையில் ரயில் எஞ்சின் கட்டுகிறார் என்றால் வேறென்ன நினைப்பது? அதுவும் பொம்மை இல்லை. நிலக்கரி போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, நீராவியில் ஓடும் எஞ்சின். பின்னால் ஒரு தள்ளுவண்டியைக் கோத்து, ஆள் உட்கார்ந்து ஓட்டலாம். எஞ்சின் பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்கிறார்களே, வாங்கிப் பூட்டினால் வேலை முடிந்ததே என்று கேட்டேன். முகத்தைச் சுளித்தீர்கள். "அடுத்தவன் பல்லை வாங்கி யாராச்சும் மாட்டிக்குவாங்களா?"

சக்கரமும் அச்சும் சிலிண்டரும் என் பட்டறையில் பிறந்தன. விசில், திருகு, கைப்பிடிக் குமிழ் போன்ற பொடிச் சாமான்களை மெழுகில் செதுக்கி, பல்லுக்கு உலோகம் வார்க்கும் அந்தச் சின்ன உலையிலேயே பித்தளையில் வார்த்துவிடுவீர்கள். கொதிகலனுக்குச் செம்புத் தகட்டை வளைக்க இருவரும் பட்ட பாடு தனிக்கதை. இரண்டு இரும்பு சரியாகச் சேருகிறதா என்று பார்க்க உங்களிடம் ஒரு வழி இருந்தது. பல் வைத்தியர்கள் வாய்க்குள் வைத்துக் கடிக்கச் சொல்லும் நீலத்தாளை இடையில் செருகுவீர்கள். அழுத்திவிட்டு, "கடி" என்பீர்கள். இரும்பிடம்தான் சொல்வீர்கள். நீலம் ஒட்டிய மேட்டை அரத்தால் ராவி, மறுபடியும் "கடி". பட்டறையில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். போகப் போக அவர்களும் நீலத்தாள் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் கேட்டுவிட்டேன், எதற்கு அண்ணே இந்தப் பாடு என்று. டயாலிசிஸ் முடிந்து நேராகப் பட்டறைக்கு வந்திருந்தீர்கள். கையில் கட்டுகூடப் பிரிக்கவில்லை. "நான் செஞ்சதெல்லாம் மத்தவங்க வாய்க்குள்ள போயிருச்சு, தவுக்கே. வெளிய தெரிஞ்சா வேல சரியில்லன்னு அர்த்தம். ஒண்ணாச்சும் சத்தம் போட்டுக்கிட்டு ஓடணும். அத நான் காதால கேட்டுட்டுப் போகணும்" என்றீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டி முடிந்தது. சமையலறைச் சுவரிலிருந்து மங்குஸ்தீன் மரம் வரைக்கும் தண்டவாளமும் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தீ மூட்டுவதென்று பேச்சு. நிலக்கரிக்குப் பீடோங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் நம் பாயைப் பிடித்தீர்கள். அவர் மைத்துனர் தெற்கே நிலக்கரி இறங்கும் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். கைபேசியில் குரல்பதிவு அனுப்பினீர்கள்: "பாய், ஞாயித்துக்கிழமைக்கு அஞ்சு கிலோ கரி. மறந்துடாதீங்க."

பாய் மறக்கவில்லை. கூட்டம் கூடியிருக்க, கொதிகலனில் தண்ணீர் நிரம்பியிருக்க, வேனிலிருந்து இரண்டு பேர் பிடித்து ஒரு சட்டியை இறக்கினார்கள். மூடியைத் திறந்தால் ஆட்டுக்கறி. ஐந்து கிலோ!

"நீங்கதான கறி கேட்டீங்க? விசேஷம்னு நெனச்சு நல்ல ஆடா பாத்து நானே ஆக்குனேன்" என்று பாய் விழிக்க, நீங்கள் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். அவர் வாயிலும் சரி, நம் வாயிலும் சரி, கரியும் கறியும் ஒன்றுதானே. கறியைக் குச்சியில் கோத்துச் சாத்தே சுடுகிற அடுப்புக்கரியாவது கொண்டுவரட்டுமா என்றார். கொண்டுவரச் சொல்லுங்கள், இன்றைக்கு எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று நான் மன்றாடினேன். நீங்கள் கேட்டால்தானே? "நிலக்கரிக்குன்னு அடுப்பு கட்டியிருக்கேன். மொத தீயே பொய்த்தீயா? வண்டி எங்க ஓடிடப் போவுது, அடுத்த வாரம் பாத்துக்கலாம் லா." எல்லோரும் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டோம். நல்ல கறி, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த ஞாயிறு மருத்துவமனையில் உங்கள் கட்டில் பக்கத்தில் நின்றேன். "கரி வந்துருச்சா?" என்றீர்கள். வருகிறது என்றேன். அதற்கடுத்த ஞாயிறு நீங்கள் இல்லை.

உங்கள்மேல் எனக்குக் கோபம், அண்ணே. இன்னும் இருக்கிறது. பொய்த்தீயானால் என்ன, ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போயிருக்கலாமே. செமிலிங் பக்கம் போகவே எனக்குக் கால் வரவில்லை. வண்டி கேன்வாஸுக்கு அடியில் கிடந்தது. பாய் கொண்டுவந்த நிலக்கரி அவர் கடையின் பின்கட்டில் அரிசிச் சாக்கிலேயே கிடந்தது. பினாங்கிலிருந்து உங்கள் மகள் போன் செய்திராவிட்டால் அப்படியே கிடந்திருக்கும். வீட்டை வாடகைக்கு விடப்போகிறாளாம். "அதுக்கு முன்னாடி அப்பா வண்டிய ஒருவாட்டி ஓட்டிரலாம் அங்கிள். எனக்குத் தெரியாது, நீங்கதான் ஓட்டணும்" என்றாள்.

நேற்று தீ மூட்டினோம். முதலில் வந்த கரும்புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக், வீடுதான் எரிகிறது என்று தண்ணீர் வாளியோடு ஓடிவந்துவிட்டார். நீராவி அழுத்தம் காட்டும் முள் மெல்ல ஏறியது. நீங்கள் வார்த்த விசிலை உங்கள் மகள் இழுத்தாள். கொல்லையே அதிர்ந்தது. பாய் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என்ன சத்தம், அண்ணே! உங்களுக்குக் கேட்டிருக்கக் கூடாதா?

ஓட்ட உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. நீராவியைத் திறக்கும் பிடி எனக்கு எட்டவில்லை. நீங்கள் நெட்டை, நான் குட்டை. எல்லாவற்றையும் அளவெடுத்துச் செய்கிற மனிதர், பிடியை உங்கள் கைக்கு அளவெடுத்துத்தான் வைத்திருக்கிறீர்கள். நெஞ்சு எஞ்சின்மேல் படுகிற மாதிரிக் குனிந்து, விரல் நுனியால் பிடித்து இழுத்தேன். வண்டி நகர்ந்தது. மங்குஸ்தீன் மரம் வரைக்கும் போய்த் திரும்பினேன். இறங்கவே மனமில்லாமல் மறுபடியும் போனேன்.

"அந்தப் பிடிய கொஞ்சம் நீட்டிட்டா உங்களுக்கு ஈசியா இருக்குமே அங்கிள். உங்க பட்டறையிலயே செய்யலாம்ல?" என்று உங்கள் மகள் கேட்டாள். செய்யலாம். எனக்கு அது ஒரு வேலையே இல்லை. பார்க்கலாம்மா என்று மட்டும் சொன்னேன்.

நீட்டமாட்டேன், அண்ணே. உங்கள் கை எட்டிய இடம் அது. அங்கே இருக்கட்டும், நான் எட்டிப் பிடித்துக்கொள்கிறேன். இன்று காலையிலிருந்து இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. மனைவி தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த வலி இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.