உத்தரவில்லாமல் அறுத்த கயிறு

பிடோக், சிங்கப்பூர்
சனிக்கிழமை காலை

அன்பு மகன் அன்வருக்கு வாப்பாவும் உம்மாவும் ஸலாம் சொல்லி எழுதுவது. நாங்கள் இங்கே இறைவன் கிருபையால் சுகம், ராட்டர்டாம் குளிரில் நீயும் சுகமாக இருக்க உன் உம்மா ஐந்து வேளைத் தொழுகையிலும் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

காக்கா, உங்கள் தங்கை ஹனீன் எழுதுகிறேன். மேலே உள்ளது மட்டும் வாப்பா சொன்னபடியே எழுதியது. அதன் பிறகு அவர், "நடந்ததை நீயே எழுது ஹனீன், நீதான் பக்கத்துல நின்னு பார்த்தே, நான் சொல்றதையும் விடாம எழுது" என்று சொல்லிவிட்டு என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அவரால் பேனா பிடிக்க முடியாது, வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. பதறாதீர்கள், மெல்லிய விரிசல்தான், நான்கு வாரத்தில் சேர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். உம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, தேக்கா கடைத்தெருவுக்குப் போய் உங்களுக்காகக் கம்பளிக் காலுறை ஆறு ஜோடி வாங்கி வந்திருக்கிறார். அங்கே குளிருக்கு விற்காத காலுறையா உம்மா என்று கேட்டேன், அங்கே விற்பது அந்த ஊர்க்காரர்களின் காலுக்கு என்றார்.

நீங்கள் அனுப்பிய மெயில் வந்து ஐந்து வாரம் ஆகிறது. துறைமுக இழுவைக் கப்பலில் துணை மாலுமி வேலைக்கு மனுப் போடுகிறீர்கள், வாப்பாவின் மீட்புப் படகில் வேலை பார்த்த நான்கு வருடத்துக்கு நற்சான்று வேண்டும், சாங்கி சம்பவத்தைப் பற்றியும் அதில் எழுதச் சொல்கிறார்கள், டிசம்பர் பதினைந்துக்குள் அசல் தாள் வந்து சேர வேண்டும் என்று மூன்றே வரி எழுதியிருந்தீர்கள். வாப்பா அதை அச்செடுத்து, கடல் ஓதம் ஏறி இறங்கும் நேரம் போட்ட புத்தகத்துக்குள் வைத்திருந்தார். தினமும் அஸர் தொழுததும் எடுத்து எழுத ஆரம்பிப்பார், சாங்கி என்ற இடம் வந்ததும் மூடி வைத்துவிடுவார். சாங்கி சம்பவம் நடந்தபோது நான் தொடக்கப்பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருந்தேன், எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். இழுத்து வந்த பாய்மரப் படகு மூழ்க ஆரம்பித்ததும் நீங்கள் கோடரியால் கயிற்றை வெட்டிவிட்டீர்கள், அந்தப் படகு போய்விட்டது, நம் படகில் ஏறி வந்த அதன் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே வாப்பா உங்களைப் படகுத்துறையில் வைத்துத் திட்டினார், அடுத்த மாதமே நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். அதற்குப் பிறகு பெருநாளுக்கு இரண்டு வார்த்தை பேசுவதோடு சரி. வாப்பா அன்றைக்குப் படகு டைரியில் 'என் உத்தரவு இல்லாமல் கயிற்றை அறுத்தான்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். "எழுதினதை மறைச்சா பொய், அப்படியே எழுதினா அவனுக்கு வேலை இல்லை, நான் என்ன செய்ய?" என்று உம்மாவிடம் கேட்டார். உம்மா இரண்டு நாள் அவருக்குத் தேநீர் போடவில்லை.

இப்போது ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை என்பதால் சென்ற ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கவும் டைரி எழுதவும் நானும் படகுக்குப் போயிருந்தேன். நீங்கள் போன பிறகு வேலைக்குச் சேர்ந்த ரகுபதி அண்ணனும் இருந்தார், அவர் புதுக்கோட்டைக்காரர், முன்பு ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். பதினொரு மணிக்கு ஒரு போன் வந்தது. புலாவ் ஹந்து தீவுப் பக்கம் பவளப்பாறையில் ஒரு மோட்டார் படகு ஏறி நிற்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் இருதயராஜ் என்று ஒரு பல் டாக்டர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், பெரிய பிரியாணிச் சட்டி. படகு வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறதாம். "பாய், இப்பவே இழுங்க லா, ஒரே இழுப்புல வந்துரும்" என்று அவசரப்பட்டார். வாப்பா, "பாறையை விட்டு வந்துரும் சார், வந்த உடனே அடியிலயும் போயிரும், பாறைதான் இப்ப உங்க படகைத் தாங்கிக்கிட்டு இருக்கு" என்றார். பல் டாக்டருக்கு அது புரிய வேண்டும் என்று, "அடைக்காம பல்லைப் பிடுங்குவீங்களா?" என்று ரகுபதி அண்ணன் கேட்டார். அடைத்த பல்லை எதற்குப் பிடுங்க வேண்டும் என்று டாக்டர் திருப்பிக் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். நால்வரையும், பிரியாணிச் சட்டியையும், எங்கள் படகுக்கு மாற்றி உயிர்காப்புச் சட்டை போட்டுவிட்டார்கள். பாறை குத்திய ஓட்டையில் மெத்தைத் துண்டையும் மர ஆப்பையும் அடித்து, பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்து, ஓதம் ஏறும் வரை காத்திருந்து மூன்று மணிக்கு மெதுவாக இழுத்தார்கள். படகு அழகாக இறங்கி வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். "உங்க படகைக் கரை சேர்க்கிறது என் பொறுப்பு சார்" என்று வாப்பா சொன்னதை நான் கேட்டேன்.

பாதி வழியில் ஒரு பெரிய கப்பலின் அலை வந்து ஆப்பைப் பிடுங்கிவிட்டது. காக்கா, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனால் நான் முதல் தடவையாகப் பார்த்தேன். பின்னால் வந்த படகின் மூக்கு மேலே தூக்கியது, கயிறு கம்பி மாதிரி விறைத்தது, எங்கள் படகின் பின்பக்கம் தாழ ஆரம்பித்தது. ரகுபதி அண்ணன் கோடரியை எடுத்துக்கொண்டு, "பாய், வெட்டிரவா?" என்றார். வாப்பா, "இரு" என்றார். மறுபடி கேட்டார். "இருடா!" மூன்றாவது தடவை கேட்டதும் வாப்பா எஞ்சினைத் தணித்துவிட்டு, சுக்கானை விட்டு ஓடி வந்து கயிற்றைக் கையால் தளர்த்தப் பார்த்தார். கயிற்றுக்கும் இரும்புக் கட்டைக்கும் நடுவில் விரல் மாட்டிக்கொண்டது. தண்ணீர் என் காலணிக்குள் வந்தது. சின்னப் பிள்ளை அழுதது. கயிறு ஒரு நொடி தொய்ந்து வாப்பாவின் விரல் வெளியே வந்ததும், ரகுபதி அண்ணன் யாரையும் கேட்காமல் ஓங்கி வெட்டினார். எங்கள் படகு துள்ளி நிமிர்ந்தது. அந்தப் படகு போய்விட்டது, குமிழி மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. டாக்டர் வாப்பாவின் கையைப் பிடித்துக் கட்டுப் போட ஆரம்பித்தார்.

மூழ்கிய இடத்தில் மிதவை போட்டு வைத்தோம். மறுநாள் முக்குளிப்பவர்கள் காற்றுப் பை கட்டி அந்தப் படகைத் தூக்கிவிட்டார்கள், இப்போது ஜூரோங்கில் பட்டறையில் நிற்கிறது. ஞாயிறு மாலையே கரைக்கு வந்ததும் நான் டைரியைத் திறந்து, ரகுபதி அண்ணன் அறுத்ததை எப்படி எழுதட்டும் என்று கேட்டேன். வாப்பா என் ஈரக் காலணியைப் பார்த்தார். பிறகு, "உத்தரவு கொடுக்க வேண்டியவன் கொடுக்கலை, ரகுபதி அறுத்தான், ஏழு பேரும் கரைக்கு வந்தோம்னு எழுது" என்றார். ரகுபதி அண்ணன், "பாய், மன்னிச்சிருங்க, கேக்காம வெட்டிட்டேன்" என்று தலையைக் குனிந்து நின்றார். "நீயும் ராட்டர்டாமுக்கு ஓடிராதே" என்றார் வாப்பா. அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை, அங்கே சம்பளம் எவ்வளவு பாய் என்று கேட்டார்.

புதன்கிழமை வாப்பா என்னைக் கூட்டிக்கொண்டு தஞ்சோங் பகாருக்குப் போனார். சாங்கியில் மூழ்கிய பாய்மரப் படகின் சொந்தக்காரருடைய அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. அவரிடம், "அன்னைக்கு என் மகனைத் திட்டினேனே, அது தப்பு, நான்தான் நேரத்துக்குச் சொல்லலை, அவன் அறுக்கலைன்னா நீங்களும் நானும் இங்கே இல்லை" என்றார். அவர், "எனக்கு அப்பவே தெரியும் இப்ராஹீம், உங்ககிட்ட யார் சொல்றது?" என்று சிரித்தார்.

நற்சான்றை வாப்பா தமிழில் சொன்னார், நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன். சாங்கி வரியில் 'உத்தரவு தாமதமானது' என்று பொதுவாகப் போட்டிருந்தேன். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தானா தாமதமாச்சா? படகோட்டி இப்ராஹீம் தாமதிச்சான், கயிற்றை அறுத்த அன்வர் செய்தது சரி, அப்படிப் போடு" என்றார். அப்படியே போட்டேன். டைரியின் பழைய வரியை அடிக்கவில்லை, அதன் கீழே இன்றைய தேதியிட்டு இதையும் எழுதச் சொன்னார், அந்தப் பக்கத்தின் நகலும் உள்ளே இருக்கிறது. இடது கையால் போட்டதால் கையெழுத்து கோணலாக இருக்கும், சந்தேகம் வராதபடி சாப் முத்திரையும் குத்தியிருக்கிறோம்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கடிதத்தில் எழுதவா வாப்பா என்று கேட்டேன். வேண்டாம், அதை இன்னொரு பிள்ளை கையால் எழுதி அனுப்பக் கூடாது என்றார்.

தொழுகையை விடாதே, வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே என்று உம்மா சொல்லச் சொன்னார். உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல வேலையையும் அமைதியான கடலையும் அல்லாஹ் தருவானாக என்று இரண்டு பேரும் துஆ செய்கிறார்கள். மறந்துவிடாதீர்கள், வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வாப்பா உங்களுக்குப் போன் செய்வார். வேலையில் இருந்தாலும் எடுங்கள் காக்கா. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று இந்தத் தாளில் இல்லை.

வஸ்ஸலாம்.
இப்படிக்கு உன் வாப்பா இப்ராஹீம், உம்மா பதுருன்னிசா
எழுதியது தங்கை ஹனீன்