ராணி சொன்னால் விடியும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் அப்பாவின் முழங்கால் மட்டும் நேற்றிலிருந்து முறுக்கிக்கொண்டு நிற்கிறது. அதற்குக் காரணம் நீதான், கீழே விவரமாக எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா? வாண்டுக்கு முன்பல் முளைத்துவிட்டதா, இன்னும் ஓட்டையோடுதான் சிரிக்கிறாளா?

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நீ முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். நான் ஒரு வரி சொல்வதற்குள் மூன்று திருத்தம் சொல்வார். இது அவர் காதில் விழக் கூடாத சமாசாரம். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறார். குறட்டை நிற்பதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

எங்கள் ஊரையே எங்களுக்குச் சுற்றிக்காட்ட நீ கார் வைத்து, கைடு வைத்து, ஒரு நாள் முழுக்க எங்கள் இருவருக்கு மட்டும் என்று ஏற்பாடு செய்தாயே, அந்தச் சேதி வந்த அன்று இந்த வீட்டில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "ஆயுசு பூரா இந்த ஊர்ல வண்டி ஓட்டினவனுக்கு ஊரைச் சுத்திக் காட்டறாளாமே!" என்று முதலில் குதித்தார். கொஞ்ச நேரம் கழித்து, சட்டையை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "நான் சொன்னதெல்லாம் பொய்னு நேர்ல காட்டறதுக்குத்தான் அனுப்பறாளா?"

நீ அப்படி நினைத்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு மன்னிப்புக் கேட்க வராது. அது அப்பாவிடமிருந்து வந்த குணம். அதற்குப் பதிலாகக் கார் அனுப்பியிருக்கிறாய் என்று நான் புரிந்துகொண்டேன். ஆனால் அவருக்கு அது பரீட்சை மாதிரிதான் பட்டது.

சில வருஷத்துக்கு முன்னால் நீ போனில் பேசியதை நான் மறக்கவில்லை. புது வேலையில் எல்லார் முன்னாலும், அப்பா சொன்ன அரண்மனையின் மூடிய ஜன்னல் கதையைச் சரித்திரம் என்று சொல்லிவிட்டாய். பெரியவர் ஒருவர் திருத்தினார், கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அவமானத்தோடு போன் செய்து, "இத்தனை வருஷமும் பொய் சொல்லியே வளர்த்திருக்கீங்க" என்றாய். உன் அப்பா, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் உன்னை நாலு கேள்வி கேட்கலாம் என்று பார்த்தேன். "விடு, அவ சொல்றது சரிதானே" என்று கையைக் காட்டித் தடுத்தார்.

அன்றைக்கு நின்றுபோனதுதான் அவர் கதை சொல்வது. வாண்டு கேட்கும்போதெல்லாம் "தாத்தாவுக்குத் தொண்டை கட்டியிருக்குடா" என்கிறார். வருஷக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்கும் தொண்டையை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. வாண்டும் கேட்பதை விட்டுவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன்.

காலையில் கார் வாசலில் வந்து நின்றது. வெள்ளை வெளேரென்று, சோப்பு வாசனையோடு. உன் அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக மாப்பிள்ளை மாதிரி இறங்கிப் போனார். நேரே போய் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்! உள்ளே இருந்த ஓட்டுநர் தம்பி பதறிப்போய் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டது. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். பின் சீட்டில் உட்கார வைத்த பிறகும் விட்டாரா? ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டது இப்படித்தான்.

கைடு ஒரு சின்னப் பெண். உன்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். தோளில் குடை, காலில் நல்ல உறுதியான செருப்பு. என்னை "மேடம்" என்றாள். வேறு யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அருமையாகப் பேசினாள், தெரியாததைத் தெரியாது என்றே சொன்னாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

முதலில் மணிக்கூண்டு. அதன் உச்சியில் கடிகாரக்காரர் குடும்பத்தோடு குடியிருந்தார், அவர் மனைவி பெரிய முள்ளில்தான் துணி காயப்போடுவாள், அதனால்தான் மணி எப்போதும் பத்து நிமிஷம் பிந்துகிறது என்று உன் அப்பா சொல்வாரே, நினைவிருக்கிறதா? அந்தப் பெண் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஒரு இரும்பு ஏணி, நிறையப் பல்சக்கரம், புறா எச்சம். ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கக்கூட இடமில்லை. நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது பழைய கடைத்தெரு. அங்கே சாய்ந்து நிற்கும் வளைவு, ஊர் வம்பைக் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டே சாய்ந்துபோனது என்பது அவர் கதை. அடியில் மண் இறங்கிவிட்டது என்றாள் அந்தப் பெண். உன் அப்பா தலையைத் தலையை ஆட்டினார். பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அரண்மனை வாசலில் நான் இறங்கினேன். அவர் இறங்கி, கார் கதவைச் சாத்தி, அதிலேயே சாய்ந்து நின்றுகொண்டார். "நீ போயிட்டு வா. நான் வண்டியைப் பாத்துக்கறேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தன்னை மறந்து சொல்லிவிட்டார். எத்தனை வருஷம் இந்த வாசல் வரைக்கும் ஆட்களைக் கொண்டுவந்து விட்டிருப்பார்! ஓட்டுநர் வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. எல்லா இடத்திலும் அவருக்கு வாசல் வரைக்கும்தான் தெரியும். ராத்திரி வீட்டுக்கு வந்தால் நீ மடியில் ஏறி உட்கார்ந்து, "உள்ளே என்னப்பா இருக்கு?" என்பாய். தெரியாது என்று சொல்ல அந்த மனுஷனுக்கு மனசு வரவில்லை. அதனால் கட்டினார். கட்டினார் என்றால் சாதாரணமாகவா, தங்கப் படிக்கட்டும் மீன் நீந்தும் கூரையுமாகக் கட்டினார்.

அந்தப் பெண், "சார், டிக்கெட் ரெண்டு பேருக்கும்தான்" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அப்படித்தான் உன் அப்பா வாழ்க்கையில் முதல்முறையாக அரண்மனைக்குள் காலெடுத்து வைத்தார்.

உள்ளே மரப்படிக்கட்டு. அதுவும் குறுகல். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் அப்பா கட்டிய அரண்மனை இதைவிட நன்றாக இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

எல்லாம் பார்த்து முடித்த பிறகு, "இனி பின்பக்கம் போகலாம், எல்லாரும் கேட்டுக் கேட்டு வந்து பார்க்கற இடம்" என்றாள். அரண்மனைக்குப் பின்பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது? அங்கேதான் முன்பு வண்டிகள் நிற்கும். புழுதியும் எண்ணெய்க் கறையும்தான் இருக்கும். இப்போது அதைத் தோட்டமாக்கி பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு கூட்டமே நின்று அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. வரிசையாக ஜன்னல்கள், நடுவில் ஒன்று மட்டும் செங்கல் வைத்து அடைத்தது. உன்னுடைய அதே ஜன்னல்!

உன் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். இங்கேயும் ஒரு அடி விழப்போகிறது என்று நினைத்தார் போலும், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் பெண் சொன்னாள்: "சுவர் விரிசல் விட்டதால அடைச்சிருக்கலாம்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. அதுதான் நிஜமா இருக்கும். ஆனா விரிசலைப் பார்க்க யாரும் இந்தப் பக்கம் வர்றதில்லை. இந்த ஊர்ல ஒரு கதை இருக்கு. சரித்திரம் இல்லை, கதைதான்." அப்புறம் ஆரம்பித்தாள். ராஜாவுக்குப் பயங்கரக் குறட்டை. அந்தச் சத்தம் கேட்டுக் கீழே லாயத்தில் குதிரைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். மந்திரிகளுக்குச் சொல்லப் பயம். கடைசியில் ராணி கொத்தனாரைக் கூப்பிட்டு ஜன்னலை அடைத்துவிட்டாள். வெளிச்சம் வராவிட்டால் விடிந்தது எப்படித் தெரியும் என்று ராஜா கேட்டான். "நீங்க தூங்குங்க. விடியறதை நான் சொல்றேன்" என்றாள் ராணி.

மகளே, நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு எழுத்து மாறவில்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். புருஷன் பெண்டாட்டி சமாசாரம் என்று விட்டு வைத்திருந்தேன். கல்யாணமான புதிதில் நாங்கள் இருந்தது ஒற்றை அறை. இருந்த ஒரே ஜன்னலை ஒட்டிப் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எழுப்பிவிட்டார். உள்ளே பகலும் ராத்திரியும் ஒன்றுதான். விடிகாலைச் சவாரிக்குப் பிந்திவிட்டால் வேலை போய்விடும் என்று உன் அப்பா கண்ணை மூடாமல் கிடப்பார். பார்க்கப் பொறுக்காமல் ஒரு நாள் நான்தான் சொன்னேன், "நீங்க தூங்குங்க. விடியறதை நான் சொல்றேன்" என்று. சந்தில் பால்காரர் சைக்கிள் மணி கேட்டதும் எழுப்பிவிடுவேன். ஒரு நாள்கூடப் பிந்தவில்லை.

அந்த ராஜாவின் குறட்டை யாருடையது என்று இப்போது தெரிகிறதா?

அந்தப் பெண் அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதைக் கேட்டு ராஜாவுக்குக் கோபம் வந்துடுச்சு. அதுக்கப்புறம் ராணியோட அவர் பேசவே இல்லையாம்" என்று முடித்தாள். உன் அப்பா என் கையை விட்டுவிட்டு ஒரு அடி முன்னால் போனார். "இல்லம்மா. ராஜா கோபப்படல. அன்னிக்குத்தான் அவன் முதல்முதலா நிம்மதியா தூங்கினான்" என்றார்.

"அப்படியா சார்? முழுசா சொல்லுங்களேன்" என்றாள். அவ்வளவுதான். கட்டிய தொண்டை எங்கே போயிற்றோ தெரியவில்லை! தான் வண்டி நிறுத்தும் அதே இடத்தில் நின்று, கையை ஆட்டி, குதிரை மாதிரிக் கனைத்து, குறட்டை விட்டு, கொத்தனார் மாதிரித் தலையைச் சொறிந்து சொன்னார் பார். பக்கத்தில் இருந்த கூட்டம் தங்கள் கைடை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. அந்த கைடும் கூடவே வந்து நின்று கேட்டார். "அன்னியிலேர்ந்து இந்த ஊர்ல ராணி சொன்னாத்தான் விடியும்" என்று அவர் முடித்ததும் அத்தனை பேரும் கை தட்டினார்கள். யாரோ விசில்கூட அடித்தார்கள்.

எனக்கு அதற்கு மேல் வாய் அடங்கவில்லை. "இந்தக் கதையைக் கட்டினவரே இவருதாம்மா! ராணி நான்தான்!" என்று கத்திவிட்டேன். வெட்கமாவது ஒன்றாவது. அந்தப் பெண் வாயில் கை வைத்துக்கொண்டாள். தனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்த கைடு, இதை வண்டி நிற்கும் இடத்தில் யாரோ ஒரு டிரைவர் சொல்லக் கேட்டதாகச் சொல்வாராம். அந்த டிரைவரைத் தானே ஒரு நாள் முழுக்கக் கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறோம் என்று அவளுக்குக் கண்ணெல்லாம் தளும்பிவிட்டது. எனக்கும்தான். உன் அப்பாவுக்கு மட்டும் தூசி விழுந்துவிட்டதாம்.

நீ வெட்கப்பட்ட அந்தக் கதையைக் கேட்க ஜனங்கள் கடல் கடந்து வருகிறார்கள். குத்திக்காட்டச் சொல்லவில்லை. 'சரித்திரம் இல்லை, கதைதான்' என்ற ஒரு வரியை அந்தப் பெண் முதலிலேயே சொன்னாள். உன் அப்பா உனக்குச் சொல்லாமல் விட்டது அந்த ஒரு வரியைத்தான். அது தப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கதை தப்பில்லை.

கிளம்பும்போது அவள் கேட்டாள், "சார், மணிக்கூண்டுக்கு ஏதாவது கதை வச்சிருக்கீங்களா? எனக்குக் கொடுங்களேன்" என்று. "இருக்கும்மா. ஆனா வீட்ல ஒருத்தரோட உத்தரவு வேணும்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

யாருடைய உத்தரவு என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

குறட்டை மெலிகிறது, எழுந்துவிடுவார். இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்ததும் வீட்டுக்குப் போன் செய். என்னைக் கூப்பிடாதே, அவரைக் கேள். வாண்டிடம் கொடுத்து, "தாத்தா, ஜன்னல் கதை" என்று ஒரே ஒரு தடவை கேட்கச் சொல். ஸ்பீக்கரில் போட்டு நீயும் பக்கத்தில் உட்கார்ந்துகொள். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் விடியறதை நான்தான் சொல்லி வருகிறேன். இந்த ஒரு தடவை நீ சொல்லும்மா.

மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வாண்டின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம்.

உன் வழியையே பார்த்திருக்கும்
அம்மா