மெலோனின் தலை

டெலிசியாஸ்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நொயெலியா,

நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். கால்கரி குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே மழை இல்லை. பெக்கான் மரங்கள் இன்னும் துளிர்விடவில்லை. உனக்குச் சீஸ் கொடுத்தனுப்ப ஆள் கிடைக்கவில்லை. இப்படியே எழுதிக்கொண்டு போகலாம். எழுத வேண்டியது மெலோனைப் பற்றி.

நீ போனில் பார்த்துத் தேர்ந்தெடுத்த நாய்க்குட்டி. நம் கனேலா போட்ட நான்கில் அதற்குத்தான் தலை பெரியது. உச்சியில் எலும்பு கூடாமல் மெத்தென்று ஓர் இடம். வந்தவர்களின் விரலைப் பிடித்து உன் அப்பா அதில் வைத்துக் காட்டுவார். "தொட்டுப் பாருங்க, குழி இருந்தாத்தான் அசல் சிவாவா நாய்." பக்கத்து வீட்டுச் சாயோதான் அப்பாவிடம், "ஏன் குகோ, இது நாயா, முலாம்பழத்துக்குக் கால் முளைச்சிருக்கா?" என்றாள். நீ சிரித்து, அந்தப் பழத்தின் பெயரையே வைத்தாய். டிசம்பரில் வந்து கூட்டிப்போகிறேன் என்றாய்.

மற்ற மூன்றும் ஓடின. இது வட்டமடித்தது. பிறகு சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றது, மணிக்கணக்காக. "கூச்சக்காரன்டி, உன் மகள மாதிரி" என்றார் அப்பா. போன மாதம் வலிப்பு வந்ததும் டாக்டரம்மா அர்மெண்டாரிஸிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்தக் குழியின் வழியாகவே அவர் ஸ்கேன் எடுத்தார். திரை முழுக்கக் கறுப்பு. "இது அத்தனையும் தண்ணிங்க. மூளை ஓரமா ஒட்டிக்கிட்டிருக்கு" என்றார். "எங்கப்பா காலத்துலேர்ந்து குழி பாத்துத்தான் குட்டி எடுக்குறோம்" என்று அப்பா சண்டைக்குப் போனார். அந்தம்மா கோபப்படவில்லை. "குழி இருக்கற எல்லாத்துக்கும் இது வராது, குகோ ஐயா. ஆனா அதையே அழகுன்னு தேடித்தேடிச் சேத்தா, இதுவும் கூட வரும்." மருந்தில் இரண்டு வாரம் நன்றாக இருந்தது. தட்டைத் தானே கண்டுபிடித்துச் சாப்பிட்டது. இப்போது தினமும் வலிப்பு. கண்ணும் தெரியவில்லை. தண்ணீரை வடிக்கத் தலையில் குழாய் வைத்தாலும் போனது திரும்பாது என்கிறார் டாக்டர்.

இன்னொன்று. போன ஈற்றில் ஒரு குட்டி குளிரில் செத்தது என்று உனக்குச் சொன்னோம். அதுவும் சுவரில் தலை வைத்து நின்றது. நான் பார்த்தேன். கனேலாவை அப்பா மறுபடி அதே ஆணோடு சேர்த்தபோதும் நான் வாய் திறக்கவில்லை.

இதை எழுத உட்கார்ந்ததே, வைத்திருக்கவா விடவா என்று உன்னிடம் கேட்கத்தான். உன் நாய்தானே என்று. எழுத எழுத அது நியாயமில்லை என்று தெரிகிறது. பார்த்தும் பேசாமல் இருந்தவள் நான். முடிவும் நானே எடுத்தாக வேண்டும். சனிக்கிழமை காலை டாக்டரை இங்கே வரவழைத்து, மெலோனுக்குக் கடைசி ஊசியைப் போடச் சொல்லப்போகிறேன். என் மடியில்தான். கனேலாவுக்கு இனி ஈற்று இல்லை, கருத்தடைக்கும் அன்றே நாள் குறித்துவிடுவேன். டாக்டர் சொன்னதைக் கேட்டதிலிருந்து, மூன்று நாளாக அப்பா என்னோடு பேசுவதில்லை. ஆனால் கோழிக்கறியை நூலாகப் பிய்த்து மெலோனுக்கு ஊட்டுகிறார்.

தபால் தாமதமாகும், அதனால் சாயோ இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். கடவுள் உன்னைக் கைவிடமாட்டார், கண்ணு. காதை மூடாமல் வெளியே போகாதே. சனிக்கிழமை எனக்குப் போன் பண்ண வேண்டாம், அப்பாவுக்குப் பண்ணு. உடனே எடுக்கமாட்டார், மணி அடிக்கட்டும். வேலி சரிசெய்துகொண்டிருந்தேன் என்பார். எந்தப் பக்கத்து வேலி என்று கேட்டு, அவரைப் பேச வை.

உன் அம்மா,
எவ்லாலியா