ஏப்ரல் இருபதுக்கு முன்னால் வேண்டாம்

மார்ச் 14, 2024
மலை மேலே திண்ணனூர் நாட்டுக் கிராமங்களில் தடுப்பூசி முகாம். திரும்பும்போது தூத்துக்குடியிலிருந்து தங்கை வளர்மதியின் போன். "அக்கா, கடத்தண்ணி வெந்நீரா கெடக்கு. சிப்பியை ஒடச்சுப் பாத்தேன், பால் வச்சிருக்கு. ஓடு எறக்கிறட்டா?"

பால் வைத்தால் சிப்பிக்குள் முட்டை முற்றியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது சுண்ணாம்பு பூசிய ஓடுகளைக் கழிமுகத்தில் இறக்கினால் சிப்பிக் குஞ்சுகள் வந்து ஒட்டும். முந்தி இறக்கினால் சேறு மூடிவிடும். குஞ்சு ஒட்டிய தேதிகளை எழுதிவைத்த என் பத்து வருட நோட்டைப் புரட்டினேன். ஏப்ரல் இருபதுக்கு முன் ஒருமுறைகூட ஒட்டியதில்லை. "அதுக்கு முன்னால வேண்டாம்" என்றேன். படித்தவள் அல்லவா நான்.

ஏப்ரல் 22
வளர்மதியின் குழுப் பெண்கள் ஐந்நூறு ஓடும் இறக்கிவிட்டார்கள். மாதாவே, ஒட்ட வேண்டும். இந்த வருடமும் பொய்த்தால் மீன்துறை ஆபீசர் கழிமுகத்தை இறால் பண்ணைக்காரருக்குக் கொடுத்துவிடுவாராம். எட்டுப் பெண்களின் பிழைப்பு அது.

மே 9
ஒன்றுமில்லை.

மே 10
ஐந்நூறிலும் சேறு, பாசி. சிப்பிக்குள் வெறும் தண்ணீர். கடல் முன்னமே சூடாகி, சிப்பிகள் மார்ச்சிலேயே முட்டையை விட்டு முடித்துவிட்டனவாம். இப்ப சொல்லி என்ன? அவதான் சொன்னாளே. பால் வச்ச சிப்பியைக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டாளே. நான் மலை மேல ஒக்காந்து நோட்டைப் பாத்தேன் —

கடைசியாக ஒன்று கேட்டாள். "ஒன் நோட்டு கடலுக்குள்ள எறங்கிப் பாத்துச்சாக்கா?"

மே 27
வளர்மதி என் போனை எடுப்பதில்லை. ஆஸ்பத்திரிப் பணியாளர் பூங்குழலி, "ஏனுங்க சிஸ்டர், சோறே திங்கறதில்லீங்களா?" என்றாள். எரிந்து விழுந்தேன். பாவம் அவள்.

ஜூன் 11
தடுப்பூசிக் குளிர்பெட்டி: காலை 4 டிகிரி, மாலை 5 டிகிரி. எட்டைத் தாண்டினால் மருந்து வீண் என்று தினம் இரண்டு முறை எழுதுகிறேன். ஊர்க் கடலின் சூட்டைப் பத்து வருடத்தில் ஒருநாளாவது எழுதினேனா? தேதி, தேதி, தேதி. சீ.

மலையிலிருந்து முள்ளுக்குறிச்சிக்கு பஸ்ஸில் இறங்கி, வளர்மதிக்கு தண்ணீரில் போடும் தெர்மாமீட்டர் ஒன்றை கூரியரில் அனுப்பினேன். கூடவே ஒரு வரி: நீ சொல்கிற நாளில் இறக்கு.

ஜூலை 3
பதில் இல்லை. ஓட்டில் குஞ்சைக் காட்ட ஆபீசர் கொடுத்தது ஆகஸ்ட் கடைசிவரைதான் கெடுவாம். குழுவிலிருக்கும் சுமித்ரா சொன்னாள். வளர்மதி கேரளாவில் கம்பெனி வேலை விசாரிக்கிறாளாம். என்னால்தான். வேறு யாரைச் சொல்ல?

28.6 டிகிரி
காலை ஆறு மணிக்கு வளர்மதியின் போன். தெர்மாமீட்டரில் பார்த்த எண்ணைச் சொன்னாள். "மறுபடி பால் வச்சிருக்கு. இன்னைக்கு எறக்குறோம்." வைத்துவிட்டாள்.

28.1 டிகிரி
"ஓட்டுக்கு மூணு, நாலு குஞ்சுதான். ஆபீசர் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, அடுத்த வருசம் வரைக்கும் கழிமுகத்த வச்சுக்கோங்கன்னு போயிட்டாரு." பிறகு, "நோட்டுல எழுதிக்கக்கா" என்றாள்.

எழுதிக்கொண்டேன்.