இரண்டு பேட்டரி, ஒரு வாய்

மார்ச் 3, திங்கள்

மேஜரின் லாரி எங்கள் கடைக்கு வந்தது. வந்தது என்றால், டிராக்டரில் கட்டி இழுத்து வந்தது. சேற்றில் சிக்கிய வண்டிகளை இழுப்பதற்கென்று வாங்கிய பழைய ராணுவ லாரி. இப்போது அதை இழுக்க ஒரு வண்டி. அவரும் மேஜர் ஒன்றும் கிடையாது. பட்டாளத்து லாரி வாங்கினார், மீசை வளர்த்தார், தெரு பட்டம் கொடுத்தது. டயர் வெடித்தால் காதைப் பொத்திக்கொள்கிற மேஜர்.

இறங்கியதும் என் வீட்டுக்காரரைத் தேடி அதே கேள்வி. "அண்ணன் இல்லையாம்மா?"

"அவரு பேட்டரிக்குத் தண்ணி ஊத்துற ஆளு. வயருன்னா நான்தான். ஜீப் கொண்டாந்தப்பவும் இதேதான் கேட்டீங்க, இதேதான் சொன்னேன்."

பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்துக் கட்டி இருபத்து நாலில் ஓடுகிற லாரி இது. பாட்டுப் பெட்டி, ஃபேன், குட்டி ஃபிரிட்ஜ் எல்லாம் பன்னிரண்டில் ஓடுபவை. மேஜர் சேற்றுக்குப் போனாலும் ஜில்லென்றுதான் குடிப்பார். படுக்கை ஒன்றுதான் பாக்கி. அந்தச் சொகுசுக்காக எவனோ ஒரே ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயரை இழுத்திருக்கிறான். அது எப்போதும் பட்டினி. மற்றது தின்று செரிக்காமல் கொதித்து ஆசிட்டைக் கக்குகிறது. ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்கு இப்படியா சோறு போடுவது?

"எந்தப் புண்ணியவான் கைங்கரியம்?"

"நான் வாங்கும்போதே இப்படித்தான். இந்தத் தெருவுல செஞ்சதுன்னு வித்த குவாரிக்காரர் சொன்னாரு."

இந்தத் தெருவில் வயரைத் தொடுகிறவர்கள் இரண்டு பேர். நான், அப்புறம் என் கொழுந்தன். டிப்ளமா படித்ததால் பெயரே டிப்ளமா.

"அப்ப சந்தேகமே வேணாம்" என்றேன்.

மார்ச் 4

டீக்கடையில் கதையைச் சொன்னேன். "படிச்சது டிப்ளமா, செஞ்சது தகர டப்பா." ஒருத்தருக்குப் புரையேறியது. கேட்காதவர்களுக்காக இன்னொரு தடவை சொன்னேன்.

மார்ச் 6

மேஜர் புது ஆல்டர்னேட்டர் வாங்கி வந்தார், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குக் கரண்டு ஊட்டுவது. இரண்டு அளவு வோல்ட்டும் இது ஒன்றிலேயே கிடைக்கும். ஒரு முனை லாரிக்கு இருபத்து நாலு, ஒரு முனை ஃபிரிட்ஜ் வகையறாவுக்குப் பன்னிரண்டு. இரண்டு பேட்டரிக்கும் சமமாகச் சோறு. நல்ல சாமான். என் கைக்கு இப்படி ஒன்று வருவது இதுதான் முதல் தடவை. அதை எதற்கு மேஜரிடம் சொல்ல வேண்டும்?

டிப்ளமா வந்து நின்றான். சட்டையில் கறை இல்லை. வேலை செய்தால்தானே கறை.

"அண்ணி, இந்த லாரில எர்த் பக்கம் ஒரு சுவிட்ச்..."

"படிச்சவங்க செஞ்சதத்தான் கழட்டிக்கிட்டிருக்கேன் தம்பி. வழிய விடு."

"நான் இந்த லாரியத் தொட்டதே இல்ல அண்ணி."

"தொடாமலே இப்படின்னா, தொட்டா என்ன ஆயிருக்கும்?"

மேஜர் மீசை ஆடச் சிரித்தார். டிப்ளமா போய்விட்டான்.

மார்ச் 7

இவர் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார். மேஜரின் அக்கா பஸ்ஸம்மா பத்து பஸ் வைத்து ஓட்டுகிறவர். தன் பஸ் ஷெட்டின் வயரிங் வேலையை டிப்ளமாவுக்குப் பேசி வைத்திருந்தாராம். இப்போது வேண்டாம் என்றுவிட்டாராம். "லாரிய எரிக்கப் பாத்தவன்கிட்ட என் பஸ்ஸ குடுக்கவா?" என்று கேட்டாராம்.

"நான் பஸ்ஸப் பத்திப் பேசவே இல்லையே" என்றேன்.

"அந்த வேலைய நம்பி அவன் கடையக் காலி பண்ணிட்டான், தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும்? வேலை தெரியாதவன் பஸ்ஸில் கை வைக்காமல் இருப்பது ஜனங்களுக்கு நல்லதுதானே. அப்படித்தான் சொன்னேன். சொன்னபோது சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 8

பழைய வயரை எல்லாம் எடுத்துவிட டேஷ்போர்டைக் கழற்றினேன். டேப்பைப் பிரித்தேன். உள்ளே ஒவ்வொரு வயரிலும் ரோஸ் கலர் புள்ளி. ஒரு புள்ளி விளக்கு. இரண்டு புள்ளி ஹார்ன். மூன்று, வைப்பர்.

நகப்பாலிஷ்.

பேனாவில் எழுதினால் கிரீஸில் அழிந்துபோகும். நகப்பாலிஷ் அழியாது. ஊர் உலகத்தில் வயருக்கு நகப்பாலிஷ் வைக்கிற ஒரே பைத்தியம் யாரு? நான்தான். ஐயோ, நான்தான். ஒம்போது வருசம் இருக்கும். குவாரிக்காரன் அவசரம்னு நின்னான். பாட்டுப் பெட்டி கேட்டான். ஒரு பேட்டரிலேர்ந்து இழுத்தாப் போச்சு, இதுக்குப் போயி என்னான்னு நான்தானே சொன்னேன். பெரிய மேதாவி மாதிரி.

பெயிண்ட் கரைக்கிற தின்னரைத் துணியில் நனைத்து மூன்று புள்ளியைத் துடைத்தேன். சுத்தமாகப் போய்விட்டது. நாலாவதில் நிமிர்ந்தால் இவர் பின்னால் நிற்கிறார். புள்ளியைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். போய்ப் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மார்ச் 9

துணி துவைத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 10

டீக்கடையில் சொன்னேன். "அந்தத் தகர டப்பா நான்தான்." போன தடவையைவிட அதிகம் சிரித்தார்கள். பரவாயில்லை, சிரிக்க வைத்துப் பழகிய வாய்.

அப்புறம் பஸ் ஷெட். பஸ்ஸம்மா உட்காரச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு ஒன் வாயக் கேட்டு அவன நிறுத்தினேன். இன்னிக்கு அதே வாயக் கேட்டு அவனச் சேத்துக்கணுமா?"

வாசல் பக்கம் திரும்பினேன். பஸ்ஸம்மா கூப்பிட்டு நிறுத்தினார்.

"லாரிய அவன் முடிக்கட்டும். நான் வந்து பாத்துட்டுச் சொல்றேன். நீ முடிச்சு அவன் பேரச் சொன்னா எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத."

மார்ச் 11

டிப்ளமா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த ஓரகத்தி என்னைப் பார்த்துவிட்டு, திறந்தது திறந்தபடி உள்ளே போய்விட்டாள். அவன் வந்தான். முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நீங்க ஹெல்ப்பரா அண்ணி?"

"ஆமா சார்."

சிரிக்கவில்லை. எனக்குப் பிடித்த ஒரு குணம்கூட இவனிடம் இல்லை.

மார்ச் 13

ஸ்பேனர் கேட்டான், கொடுத்தேன். கையுறை போட்டுக்கொண்டு வயர் சீவுகிறான், அறுவை சிகிச்சை நடக்கிறதாம். நான் பத்து நிமிடத்தில் முடிப்பதற்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு வயருக்கும் சீட்டு எழுதி ஒட்டுகிறான். கிரீஸ் பட்டால் போச்சு என்றேன். சீட்டின் மேல் ஊடே எழுத்து தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டிக் காட்டினான். சரி.

எர்த் சுவிட்ச் என்று அன்றைக்குச் சொல்ல வந்தானே, அதை இன்றைக்குச் சொல்லவிட்டேன். இந்த லாரியில் மொத்தக் கரண்டையும் நிறுத்துகிற சுவிட்ச், பேட்டரிக்குத் திரும்பிப் போகிற எர்த் வழியில் இருக்கிறது. லாரி விளக்கை அணைக்காமல் இதை அணைத்தால், போக வழியில்லாத கரண்டு ஃபிரிட்ஜுக்குள் தலைகீழாக நுழைந்து திரும்பப் பார்க்கும். ஃபிரிட்ஜ் கருகும், பாட்டுப் பெட்டி கருகும். அதனால் பன்னிரண்டு வோல்ட் லைனும் கூடவே அறுந்துகொள்கிற மாதிரி சுவிட்சை மாற்றினான்.

நான் செய்திருந்தால்? செய்திருப்பேன். கருகியிருக்கும். இந்தக் கருகலுக்கும் எவன் பேரையாவது சொல்லியிருப்பேன். நல்ல பொம்பளை நான்.

சாயங்காலம் பஸ்ஸம்மா வந்து வண்டியில் ஏறினார். விளக்கு, ஃபேன், பாட்டு, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டார். சுவிட்சைப் படக்கென்று அணைத்தார். மறுபடி போட்டார். எல்லாம் ஓடியது. இரண்டு பேட்டரியையும் மீட்டரில் பார்த்தார், அச்சு மாறாமல் ஒரே அளவு.

"திங்கக்கெழம வந்துரு" என்று அவனிடம் சொன்னார். என்னைத் தாண்டித்தான் போனார். தூணைத் தாண்டிப் போவது போல.

மார்ச் 22

டீக்கடையில் ஒருவர் தன் கார் வயரிங் வீணாயிற்று என்று சொல்லி, யார் செய்திருப்பார்கள் என்று என் வாயைக் கிண்டினார். வடை நல்லா இருக்கு என்றேன்.

ஏப்ரல் 9

மேஜரின் லாரி இன்றைக்கு என் கடையைத் தாண்டி பஸ் ஷெட்டுக்குப் போயிற்று. இப்போதெல்லாம் அங்கேதான் காட்டுகிறாராம், அக்கா உத்தரவாம். வாசலில் நின்று கை காட்டினேன். மேஜர் நேராகப் பார்த்துக்கொண்டே ஓட்டினார், அணிவகுப்பில் போகிறாராம்.

பின்பக்கம் ஒரு வயர் தொங்குகிறது. ஒரு கிளிப் போட்டிருக்கலாம், கழுதை.

மழை இருட்டு, பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார். முக்கில் லாரி நின்று, இன்ஜின் வேகம் இறங்கி, கியர் மாற்றித் திரும்பும்வரை பார்த்தேன். விளக்கு மங்கவே இல்லை.