இடது கால்

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு
பூசை முடிந்ததும் பீடத்துத் துணிகளை வெளுக்க எடுத்து வந்தேன். பெரிய வாரம் வந்தாலே கோயில் வேலை மொத்தமும் என் தலையில்தான். சிந்திக் கிடக்கிற ஓலையைக் கூட்ட ஒரு ஆள் வரக் காணோம்!

இவர் இன்றைக்கும் வரவில்லை. பொங்கல் கழிந்து, சர்க்கரையால் வலது காலில் மூன்று விரலை எடுத்தார்கள். அதிலிருந்து கோயில் பக்கமே வருவதில்லை. புண்ணில் போட்ட கட்டைக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு தானே மாற்றுகிறார். ஊருக்குக் காட்ட வேண்டாம், சரி. கட்டினவளுக்குமா? கேட்டால், "நீ பாத்தியன்னா ஒனக்குச் சோறு எறங்காது செல்வம்மா"ங்கிறார். எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ஏப்ரல் 15
பெரிய வியாழன் பூசையில், ஆண்டவர் சீடர்களுக்குச் செய்த மாதிரி, சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவணும். அதில் ஒருத்தன், தமிழ்மாறன், திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். "உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்களேன்" என்றார் சாமியார். எப்படிக் கூப்பிடுறது? எங்க கோயிலில் எப்பவும் வலது காலைத்தான் கழுவுவார்கள்.

வீட்டில் சொன்னேன். முறைத்தார். அப்புறம் கஞ்சி குடிக்கையில் தானாகவே, "இடது காலுன்னா வரேன்." ஆசை இருக்கே மனுசனுக்கு!

ஏப்ரல் 16
சாமியாரிடம் கேட்டேவிட்டேன். "ஒருத்தருக்கு மட்டும் இடதுன்னா ஊரு பாக்கும் சாமி. இந்த வருசம் எல்லாருக்குமே இடது காலா கழுவிடுங்களேன்."

"கால்னா கால்தானம்மா" என்று சிரித்தார். நல்ல மனுசன்.

குடம், தாம்பாளம், துண்டு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. ஆனா எதையோ மறந்த மாதிரியே இருக்கு. என்னது அது?

ஏப்ரல் 17, பெரிய வியாழன்
அட ஆண்டவரே! மற்ற பதினோரு பேருக்கும் நான் சொல்லவே இல்லை!

எங்க ஊரு ஆம்பளைங்க கழுவப் போற காலை மட்டும்தான் வீட்டில் தேய்த்துவிட்டு வருவார்கள். சாமியார் முட்டி போட்டு, "இடது கால்" என்றதும் கோயில் கமிட்டித் தலைவர் அறிவரசன் முகத்தைப் பார்த்திருக்கணுமே! வலது கால் பளபளன்னு. இடது காலில் கணுக்கால் வரைக்கும் முந்திரிக்காட்டுச் செம்மண். மற்றவர்களும் அதே லட்சணம்தான். தாம்பாளத்துத் தண்ணீரை மாற்றி மாற்றி எனக்குக் கை ஓய்ந்துபோச்சு. பாடுற பிள்ளைங்க பாட்டை விட்டுட்டுச் சிரிச்சுதுங்க.

கடைசி நாற்காலியில் இவர். வலது காலில் சாக்ஸ். வீட்டிலேயே தேய்த்துக் கழுவின இடது கால் அந்த வரிசையிலேயே சுத்தம். சாமியார் துடைத்து முத்தமிட்டார். இவர் தோள் குலுங்குச்சு. ஐயோ அழுவுறாரேன்னு கிட்டப் போனேன். சிரிக்கிறார்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். இந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாச்சு.

வெளியே வந்ததும் அறிவரசன் என்னைப் பிடித்துக்கொண்டார். "முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

நான் வாயைத் திறக்குமுன் இவர் சொன்னார்: "ரெண்டு காலையும் கழுவிட்டு வந்தாத்தான் என்ன தலைவரே, தண்ணிக்கா பஞ்சம்?"

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
பீடம் வெறுமையாகக் கிடக்கு. சிலுவைப் பாதைக்கு இவரும் வந்தார். மெதுவா நடந்தார்.

ஏப்ரல் 20, பாஸ்கா, உயிர்ப்பு ஞாயிறு
பூசை முடிந்து வந்து அடுப்பில் கறியை ஏற்றினேன். இவர் கட்டு மாற்ற உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை.

"செல்வம்மா, இதைக் கொஞ்சம் மாத்தி வுடுறியா?"

கட்டிலில் உட்கார்ந்து வலது காலை நீட்டியிருந்தார். காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். புண் நல்லாவே ஆறியிருக்கு. இதுக்கா இத்தனை நாள்? துடைத்து, மருந்து வைத்து, கட்டிவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அவர் எதிரிலேயே உட்கார்ந்து, ரெண்டாந்தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.